சவரக்கத்தி: ஆற்றங்கரைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று

கேள்வி: அண்ணாச்சி, மடக்குச் சவரக்கத்தி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கார்பன் ஸ்டீல்தான் நல்லது என்கிறான் நண்பன். கடைக்காரரோ ஸ்டெயின்லெஸ்தான் துருப்பிடிக்காது என்கிறார். காந்தம் ஒட்டினால் கார்பன், ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்றும் சொன்னார். எதை எடுக்க? (வாசகர், உவரி)

பதில்: உவரி என்று கடற்கரை ஊரை எழுதியிருக்கிறீர்களே தம்பி, பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். இதே கேள்வி ஆற்றங்கரை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தால் கார்பன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சவரக்கத்திக்கான கார்பன் ஸ்டீல் என்பது இரும்போடு சுமார் 1 சதவீதம் கார்பன் சேர்ந்தது. தீட்டுக்கல்லில் வைத்தால் சீக்கிரம் கூர் ஏறும். தீட்டிப் பழகுகிறவருக்கு அது பெரிய உதவி. ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக மேலே படிந்து காக்கிறது. அதனால்தான் துரு அண்டுவதில்லை. ஆனால் கல்லில் அதிக நேரம் கேட்கும். பதம், அதாவது எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கியது, சரியாக இருந்தால் ஏறிய கூர் இரண்டிலுமே நன்றாக நிற்கும். முகத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் சொல்வது எனக்கே கஷ்டம்.

உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இருக்கிற ஊரில் கார்பன் கத்தியை ஒரு நாள் மறந்தாலும் போயிற்று. ஸ்டெயின்லெஸ்ஸையும் உப்பு விடாது. அந்தப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை அளவில் குழி போடும். உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

காந்த விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தப்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் வேறு வகை. பதம் ஏற்றிக் கடினமாக்குவதற்கென்றே உள்ள அந்த வகையில் காந்தம் நன்றாகவே ஒட்டும். கத்தியில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ஜெர்மன் கத்தியில் ‘ரோஸ்ட்ஃப்ரை’, பிரெஞ்சுக் கத்தியில் ‘இனாக்ஸ்’ என்று இருந்தால் ஸ்டெயின்லெஸ். ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்ப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு; ஆனால் அந்தப் பெயர் மட்டும் எந்த எஃகு என்று சொல்லாது.

பராமரிப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஆடிச் சாரலில் குற்றாலத்தில் மூன்று நாள் தங்கியிருந்தேன். முதல் நாள் அவசரத்தில் கார்பன் கத்தியை ஈரத்தோடு மடக்கித் தோல் உறைக்குள் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால், கத்தியைக் கைப்பிடியோடு பிணைக்கும் ஆணியை ஒட்டிச் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியும் தாடையில் ஒவ்வொரு முடியையும் பிடித்து இழுத்தன. ஊருக்கு வந்து கல்லில் தேய்த்துத்தான் சரியாக்கினேன். அன்றிலிருந்து, துடைத்த பிறகு கொஞ்ச நேரம் ஃபேனுக்கடியில் விரித்தே வைப்பேன். ஆணிப் பக்கம்தான் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குவாடை அடித்துப் பிசுபிசுக்கும். படிகாரம் தேய்த்த கையோடு கத்தியைத் தொடாதீர்கள், படிகாரத் தண்ணீர் எஃகை அரிக்கும்.

கேள்வி: தாத்தாவின் சவரக்கத்தி டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. மஞ்சளேறிய கைப்பிடி, கத்தியெல்லாம் கரும்புள்ளி. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கொடுக்கவே வேண்டாம்! அருவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவருடைய சக்கரம் சரி. சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது. சுழலும் சக்கரத்தின் சூட்டில் நீலம் பாய்ந்து பதமே போய்விடும். இதைத் தட்டையான கல்லில், முதுகும் வாயும் ஒருசேரப் படும்படி வைத்துத்தான் தீட்ட வேண்டும்.

ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை உருக்கியது 1913-ல்தான். அதற்கு முந்தைய கத்தி என்றால் கார்பன் என்பதில் சந்தேகமே இல்லை. பிந்தியதாக இருந்தாலும், அந்தக் கரும்புள்ளிகளைப் பார்த்தால் கார்பன்தான். புள்ளி பக்கவாட்டில் மட்டும் இருந்தால் கத்தியைக் காப்பாற்றலாம். வாய் வரை குழி இறங்கியிருந்தால் தீட்டத் தீட்ட உதிரும்.

கைப்பிடியை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. பழைய செல்லுலாய்டு கெட்டுப்போகும்போது அமில ஆவியை விடும். பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த கத்தி துருவேறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காற்றோட்டமாக, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள், அது சட்டென்று தீப்பற்றும்.

கேள்வி: ‘வாங்கியவுடன் சவரம் செய்யலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் வாங்கிய கத்தி, தாள்கூட வெட்டவில்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (வாசகர், வள்ளியூர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்தக் கத்தியை நீங்களே தீட்டிப் பார்க்காதீர்கள். கல் பட்டுவிட்டால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.