கேளுங்க, சொல்றோம்: சிங்கப்பூர் ஜூ

கே: லீவுக்கு சிங்கப்பூர் போறோம். அங்க ஜூல கூண்டே கிடையாதுன்னு நாத்தனார் பயமுறுத்தறாங்க. ரெண்டு வாண்டுகளையும் கூட்டிட்டு போலாமா? – வாசகி, திருச்சி

ப: தாராளமா போங்க. கம்பிதான் இல்லையே தவிர தடுப்பு நிறைய இருக்கு, நம்ம கண்ணுல படாது, அவ்ளோதான். 1973-ல திறந்ததுல இருந்தே அகழி வெச்சுதான் பிரிச்சிருக்காங்க, கோட்டைய சுத்தி வெட்டுவாங்களே அதேதான், ஓரத்துல செடி கொடி வளர்த்து மறைச்சிருப்பாங்க, அதனால மிருகங்களும் நாமளும் ஒரே காட்டுல நிக்கற மாதிரி இருக்கும். எது எவ்ளோ தூரம் தாண்டும், நீந்துமா நீந்தாதான்னு கணக்கு போட்டு வெட்டணும். ஒராங்குட்டான்னு சொல்ற மனுஷக் குரங்குக்கு நீச்சல் வராது, தண்ணிய பாத்தா ஒதுங்கிடும். புலி நல்லா நீந்தும், அதனால வெறும் தண்ணிய நம்ப முடியாது, நம்ம பக்கம் சுவரும் உசரமா வேணும். ஆரம்பத்துல கோட்டை விட்டதும் உண்டு! 1974-ல காங்கோன்னு ஒரு நீர்யானை வெளிய நழுவி, பக்கத்துல செலெத்தார் நீர்த்தேக்கத்துல இறங்கி, ஒன்றரை மாசம் ஜாலியா இருந்துட்டுதான் சிக்குச்சு.

கே: அந்த வெயில்ல பனிக்கரடி வளத்தாங்களாமே, ரீலா? – வாசகர், மதுரை

ப: ரீல் இல்லீங்க. பேர் இனுக்கா, 1990-ல அங்கயே பொறந்தது, வெப்பமண்டலத்துல பொறந்த முதல் பனிக்கரடி. 2004-ல அதுவும் அதோட அம்மா ஷீபாவும் பச்சை கலரா மாறிடுச்சுங்க! பனிக்கரடி முடி வெள்ளைன்னு நினைக்கிறோம், உண்மைல அதுக்கு நிறமே கிடையாது, உள்ள குழல் மாதிரி காலியா இருக்கும், அந்தக் குழலுக்குள்ள பாசி குடியேறிடுச்சு. அப்பறம் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வெச்சாங்க. என்னதான் ஏசி ரூம் குடுத்தாலும் பூமத்திய ரேகைகிட்ட பனிக்கரடிய வெச்சிருந்தது எனக்கு ஒப்பவே இல்ல. இனிமே பனிக்கரடி கொண்டுவர மாட்டோம்னு ஜூக்காரங்களும் சொல்லிட்டாங்க. இனுக்கா மூட்டு வலியில நடக்க முடியாம போய், 2018-ல 27 வயசுல கருணைக்கொலை பண்ணாங்க.

கே: மூக்கு தொங்குற அந்தக் குரங்குக்கு ஏன் அவ்ளோ தொப்பை? என் பொண்ணு கேக்கறா. – வாசகி, ஈரோடு

ப: போர்னியோ தீவுக் குரங்கு அது. இலைதான் முக்கிய சாப்பாடு, அது மாடு மாதிரி பல அறை உள்ள வயித்துல ஊறி நொதிச்சு செரிக்கணும், அதான் அந்தத் தொப்பை. இனிப்பான பழுத்த பழம் நிறைய தின்னா கேஸ் ஏறி உயிருக்கே ஆபத்து. பாப்பாகிட்ட சொல்லுங்க, வாழைப்பழம் தூக்கிப் போடக்கூடாது.

கே: ஜூ டிக்கெட்லயே பாண்டா பாக்கலாமா? – வாசகர், சேலம்

ப: முடியாது. பாண்டா இருக்கறது பக்கத்துல ரிவர் வொண்டர்ஸ்ங்கற இன்னொரு பார்க்ல. ராத்திரில சுத்திப் பாக்கற நைட் சஃபாரியும் தனி டிக்கெட்தான், பர்ஸ பாத்துக்கோங்க.

கே: ஆ மெங்குங்கற ஒராங்குட்டான் இன்னும் இருக்கா? – வாசகி, கோவை

ப: அந்தப் பாட்டி 2008-லயே போயிட்டா. கடத்திட்டு வந்து யாரோ வீட்ல வளத்த ஒராங்குட்டான், 1971-ல மீட்டாங்க. 1982-ல ஷூட்டிங் நடுவுல மரத்துல ஏறி மூணு நாள் இறங்காம அடம் பிடிச்சு, கடைசில விழுந்து கைய ஒடைச்சுகிட்டா. இப்போ பேத்தி இஷ்டாவுக்குத்தான் அந்தப் பேர். நான் போன அன்னிக்கு நல்ல தூறல், தலைக்கு மேல கயித்துல ஒரு ஒராங்குட்டான் கோணிச் சாக்க தலைல போட்டுகிட்டு சொகுசா உக்காந்திருக்கு, கீழ நாங்க எல்லாம் பைக்குள்ள குடைய தேடிட்டு இருந்தோம்.