காட்டுக்குள் கட்டை அடித்துவிட்டார்கள், இனி என்ன செய்யலாம்?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் குளத்துக்கு மேலேயுள்ள காட்டுக்குள் நில அளவையாளர்கள் கட்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புது நெடுஞ்சாலை வருகிறதாம். "வெறும் பற்றைக்காடுதானே" என்கிறார்கள். தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், அது வெறும் பற்றைக்காடு இல்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்வலயக் காடு. ஆடியில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து வெறுநிலம் என்று சொல்வது பெரிய பிழை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு விண்ணப்பம் போடுங்கள். வரைபடம், மொத்த நீளம், அழியப்போகும் காட்டின் பரப்பு மூன்றையும் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

வீதி 10 கிலோமீற்றரைத் தாண்டினாலோ, 1 ஹெக்டேயருக்கு மேல் காடு வேறு தேவைக்கு மாறினாலோ, தேசிய சுற்றாடல் சட்டப்படி அனுமதி வேண்டும். இங்கேதான் கவனம். அனுமதிக்கு முன் இரண்டில் ஒரு ஆய்வு நடக்கும். விரிவான ஆய்வான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் பத்திரிகையில் அறிவித்து, 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடித்தால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே முழு மதிப்பீடே வேண்டும் என்று மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு இப்போதே எழுதுங்கள்.

சரி, அந்த 30 நாளில் என்ன எழுதுவது? உங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்ததை. மாரியில் குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, யானை எந்த இடத்தால் தண்ணீருக்கு இறங்குகிறது, காலபோகத்தில் மாடுகள் எங்கே மேய்கின்றன, பாலைப்பழம் எங்கே பொறுக்குகிறீர்கள். வன்னியில் ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குப் போகும். நடுவே வீதிக்காக மண் அணை போட்டுச் சின்ன மதகு வைத்தால் மேலே வெள்ளம் நிற்கும், கீழே வயல் காயும். இதைக் கமக்கார அமைப்பின் பெயரில், படங்களோடு எழுதுங்கள். வீதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாங்குளம்–முல்லைத்தீவு வீதி போல ஏற்கனவே உள்ளதை அகலமாக்கினால் போதாதா என்றும் கேளுங்கள். பாதிப்புக் குறைந்த மாற்றுவழிகளை அந்த மதிப்பீட்டு அறிக்கை ஆராய்ந்திருக்க வேண்டும்.

கட்டைகளைப் பிடுங்க வேண்டாம், வழக்கில் மாட்டுவீர்கள். ஒவ்வொன்றையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் தடத்தை மாற்றியபோது பாதிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை; அது பிழை என்று உயர் நீதிமன்றம் 2004இல் சொன்னது. நட்டஈடு கிடைத்தது, வீதி நிற்கவில்லை. உங்கள் தடமும் நாளை நகர்ந்தால், முதலில் கட்டை எங்கே நின்றது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.