மணல்மேல் நிற்கும் பாய்மரம்

கேள்வி: துபாயின் புர்ஜ் அல் அரப், ஏழு நட்சத்திர ஹோட்டல் என்கிறார்களே, உண்மையா? கடலுக்குள் அதை எப்படிக் கட்டினார்கள்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஏழு நட்சத்திரம் என்று அதிகாரபூர்வமான தரம் எதுவும் கிடையாது. 1999இல் திறந்த சமயத்தில் வியந்துபோன ஒரு பத்திரிகையாளர் எழுதியதாம், அப்படியே ஒட்டிக்கொண்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கரையிலிருந்து 280 மீட்டர் தள்ளி, முதலில் ஒரு தீவையே உருவாக்கினார்கள். எட்டும் ஆழத்தில் கெட்டிப் பாறை இல்லை, மணல்தான். அதனால் சுமார் 40 மீட்டர் நீளமுள்ள 230 கான்கிரீட் தூண்களை இறக்கினார்கள். தூணை மணல் இறுகப் பற்றும் அந்த உராய்வுதான் 321 மீட்டர் உயரக் கட்டடத்தைத் தாங்குகிறது. ஈர மணலில் ஒரு கம்பை ஆழமாகச் செருகி, இன்னும் அழுத்திப் பாருங்கள், கைக்கே புரியும். அப்புறம் அலை. தீவைச் சுற்றித் துளைகள் கொண்ட கான்கிரீட் பாளங்களை அடுக்கியிருக்கிறார்கள். மோதும் தண்ணீர் அவற்றுக்குள் புகுந்து வேகம் இழக்கிறது.

நான் உள்ளே தங்கியதில்லை. ஒரு மாலை, பக்கத்துப் பொதுக் கடற்கரையில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடக் கலைஞர் டாம் ரைட் பாய்மரக் கப்பலை மனத்தில் வைத்து வரைந்த வடிவம். அந்தப் பாய் நிஜமாகவே துணி, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி! விளக்கு போட்டதும் அது மெல்ல நிறம் மாறியது. எழுந்து வர மனமே இல்லை.