கழுத்துச் சிகிச்சையின்போது வியர்வையும் தலைச்சுற்றலும்: பதில்

வணக்கம். பிசியோதெரபிஸ்ட் உங்கள் கழுத்தைக் கையால் அசைத்துத் தளர்த்தியபோது உள்ளங்கை வியர்த்ததாகவும், எழுந்தவுடன் கண் இருண்டதாகவும், நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கழுத்து மூட்டுகளை அசைக்கும்போது பரிவு நரம்பு மண்டலம் (உடலை உஷார்ப்படுத்தும் நரம்புகளின் தொகுதி) சற்று நேரம் தூண்டப்படுவதும், அதனால் வியர்வை கூடுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அது மட்டுமே நரம்புச் சேதத்தின் அடையாளம் ஆகாது. மிதமான அழுத்தத்துடன் நிதானமாகப் பிடித்துவிடும்போதோ, உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல்பாடு மேலோங்கி இதயத் துடிப்பு தணிகிறது. அந்நிலையில் படுத்திருந்தவர் சட்டென எழுந்தால், இரத்த அழுத்தம் ஈடுகொடுக்கச் சில நொடிகள் பிடிக்கும்; அதுவரை கண் இருளலாம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே விரல் அழுந்தினால், இரத்த அழுத்தம் ஏறிவிட்டதாகக் கொண்டு மூளை துடிப்பைக் குறைத்து இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். முதியவர்கள் சிலருக்கு இதனாலேயே மயக்கம் வருவதுண்டு. ஆகவே, அழுத்தம் எங்கே பட்டது என்று பிசியோதெரபிஸ்டிடம் தவறாமல் கேளுங்கள்; இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் அதையும் சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடிந்ததும் ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். புதிதாகக் கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ, பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, முகம் மரத்துப்போவதோ தென்பட்டால், காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.