நீண்ட பணிக்கும் நன்னடத்தைக்கும் பதக்கம்: யாருக்கு, எப்போது?

படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் பணிக்காலப் பதக்கங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுள் சில இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஒரே கருத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் தரைப்படையில் நாயக்காகப் பணியாற்றுகிறார். அவருக்கு 15 ஆண்டுகள் பணி நிறைவடைந்துவிட்டது. அவருடன் ஒரே நாளில் படையில் சேர்ந்த நண்பருக்கு நீண்டகாலப் பணி மற்றும் நன்னடத்தைப் பதக்கம் கிடைத்திருக்கிறது. இவருக்கு இன்னும் வரவில்லை. ஆண்டுக்கணக்கு இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு ஏன்?

பதில்: இந்தியப் படைகளில் பணிக்காலத்தை அடிப்படையாகக் கொண்ட பதக்கங்கள் இரண்டு வகைப்படும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் ஐயம் பெருமளவு தெளிந்துவிடும். 9 ஆண்டுகள், 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் என்று பணிக்காலத்தையே பெயராகக் கொண்ட மூன்று பதக்கங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. முப்படைகளிலும் சிப்பாய் முதல் அதிகாரி வரை எல்லா நிலையினருக்கும் அவை உரியவை. குறித்த காலத்தைத் திருப்திகரமாக நிறைவு செய்தவர் எவரும் அவற்றுக்குத் தகுதி பெறுகிறார்.

நீங்கள் குறிப்பிடும் பதக்கம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தரைப்படையில் 18 ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றிய ஹவில்தார் நிலையினருக்குச் சிறப்புப் பணிப் பதக்கமும், நாயக் போன்று ஹவில்தாருக்குக் கீழ்ப்பட்ட நிலையில் 15 ஆண்டுகளை நிறைவு செய்தவர்களுக்கு நீண்டகாலப் பணி மற்றும் நன்னடத்தைப் பதக்கமும் வழங்கப்படுகின்றன. இங்கே 15 ஆண்டு என்பது பரிசீலனைக்கு உள்ளே நுழையும் வாயில் மட்டுமே. அந்த வாயிலைக் கடந்தவருடைய நடத்தைப் பதிவேடு எடுத்துப் பார்க்கப்படும். அவருடைய கட்டளை அதிகாரி அவரைப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகே பதக்கம் வரும். எனவே ஒரே நாளில் சேர்ந்த இருவருள் ஒருவர் முன்னதாகப் பரிந்துரைக்கப்படுவதும் மற்றவர் பின்னர் பரிந்துரைக்கப்படுவதும் விதிக்கு முரணானவை அல்ல. உங்கள் கணவர் மீது ஏதோ குற்றம் இருப்பதாக இதிலிருந்து நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். தம்முடைய பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, பரிந்துரை அனுப்பப்பட்டதா என்ற இரண்டையும் அவர் தம் பிரிவு அலுவலகத்தில் முறைப்படி கேட்டறிவதே முதலில் செய்ய வேண்டியது.

கேள்வி: பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், விடுப்பு முடிந்து சில நாட்கள் தாமதமாகத் திரும்பியதற்காக எனக்குத் தண்டனை வழங்கப்பட்டு, சிவப்பு மைப் பதிவு ஏறியது. அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் ஒரு சிறு எச்சரிக்கைகூட இல்லை. இளமையில் நடந்த ஒரு தவறு வாழ்நாள் முழுவதும் நன்னடத்தைப் பதக்கத்துக்குத் தடையாக நிற்குமா?

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளுள் மிகவும் முக்கியமானது இதுவே. இதே கவலையுடன் எழுதியவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியத் தரைப்படையில் வழங்கப்படும் தண்டனைகளுள் கடுமையானவை சிவப்பு மையிலும் இலகுவானவை கறுப்பு மையிலும் பதியப்படுகின்றன என்பது தாங்கள் அறிந்ததே. விடுப்புக் காலத்தைத் தாண்டித் தங்குவது 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் 39ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆனால் அதற்கு வழங்கப்படும் தண்டனை சூழ்நிலைக்கேற்ப மாறும். முதலில் தாங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது, அந்தப் பதிவு உண்மையிலேயே சிவப்பு மைப் பதிவுதானா என்பதை. பல ஆண்டுகளுக்கு முன் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, பதிவேட்டைப் பார்க்காமலேயே தமக்குத் தகுதி இல்லை என்று ஒதுங்கிவிடும் வீரர்கள் உண்டு. அவ்வாறு ஒதுங்குவது தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் அநீதி.

அடுத்து, பதிவு இருப்பது ஒன்று. அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது வேறொன்று. நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் வீரரைப் பணியிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்த எண்ணிக்கை மட்டுமே போதாது, ஒவ்வொரு தவறின் தன்மையையும், அவர் ஆற்றிய பணியின் நீளத்தையும், கடினமான இடங்களில் பணியாற்றியிருக்கிறாரா என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது பணிவிடுவிப்பைப் பற்றிய தீர்ப்பு, பதக்கத்தைப் பற்றியதன்று. எனினும் ஒரு வீரரின் நடத்தையை மதிப்பிட அமர்கிற எந்த அதிகாரியும் அதன் பின்னுள்ள நியாயத்தை மறந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

பிற நாடுகள் இதே சிக்கலை எப்படித் தீர்த்திருக்கின்றன என்று பார்ப்பதும் பயன் தரும். கனடாவில் 1949 முதல் வழங்கப்படும் ‘படைப்பணி அலங்காரம்’ என்னும் பதக்கத்துக்கு மொத்தம் 12 ஆண்டுகள் பணி வேண்டும். ஆனால் நன்னடத்தை கணக்கிடப்படுவது அவற்றுள் இறுதி 8 ஆண்டுகளுக்குத்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் செய்த தவறு, அவர் பக்குவமடைந்து பணியாற்றிய பிற்காலத்தின் மீது நிழலாக விழக் கூடாது என்பதை அந்த விதி வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கப் படைகளில் மூன்று ஆண்டுகள் கொண்ட காலப்பகுதிகளாகக் கணக்கிடுகிறார்கள். கடற்காலாட் படையில் தண்டனை பெற்றவருடைய நன்னடத்தைக் காலம் அத்துடன் முடிந்து, மறுநாளிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. அங்கே ஒரு தவறின் விலை அதிகம் போனால் மூன்று ஆண்டு. வாழ்நாள் முழுவதும் அன்று. இவற்றுள் கனடாவின் முறையே மிகவும் நியாயமானது என்று நான் நினைக்கிறேன். நீண்ட பணியையும் மதித்து, மனிதர் திருந்துவார் என்பதையும் நம்பும் விதி அது.

தங்களைப் பொறுத்தவரை, அந்த ஒரு பதிவுக்குப் பின் வந்த ஆண்டுகள் எத்தனை தூய்மையானவை என்பதைக் கட்டளை அதிகாரியின் கவனத்துக்கு எழுத்தில் கொண்டுவருவது தவறாகாது. பரிந்துரைப்பவர் அவரே. தாங்கள் கேட்பது சலுகை அன்று, முழுப் பதிவேட்டையும் பார்க்கும்படியான வேண்டுகோள்.

கேள்வி: நன்னடத்தைப் பதக்கம் சிப்பாய்களுக்கு மட்டும் உரியது, அதிகாரிகளுக்கு அது கிடையாது என்கிறார்களே, அது சரியா?

பதில்: ஒரு காலத்தில் அது பெரும்பாலும் சரியாக இருந்தது, இன்று நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இத்தகைய பதக்கங்களின் தொடக்கம் பிரிட்டனில், நான்காம் வில்லியம் மன்னர் 1830ஆம் ஆண்டில் தரைப்படைக்காக ஏற்படுத்திய பதக்கத்தில் இருக்கிறது. அப்போது காலாட்படையினருக்கு 21 ஆண்டுகளும் குதிரைப்படையினருக்கு 24 ஆண்டுகளும் பணி தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே கடற்படைக்கும் ஒரு பதக்கம் வந்தது. அதிகாரியின் ஒழுக்கம் அவருடைய பதவியிலேயே அடங்கியிருக்கிறது, அதற்குத் தனியாகச் சான்று தேவையில்லை என்று அக்காலத்தில் கருதினார்கள். அதனால் பதக்கம் கீழ்நிலையினருக்கு மட்டுமே என்றாயிற்று.

அந்தக் கருத்து மெல்லத்தான் தளர்ந்தது. சிப்பாயாகச் சேர்ந்து பின்னர் அதிகாரியானவர்கள், தேவையான காலத்தில் 12 ஆண்டுகளைக் கீழ்நிலையில் கழித்திருந்தால் பதக்கத்துக்குத் தகுதி பெறலாம் என்று 1947இல் பிரிட்டன் விதியைத் திருத்தியது. தேவையான பணிக்காலமும் 1870இல் 18 ஆண்டுகளாகவும், 1977இல் 15 ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. 2014 ஜூலை 29 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்த அதிகாரிகளும் இதற்குத் தகுதியுடையவர்கள் என்ற மாற்றம் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் பதக்கம் தோன்றி 186 ஆண்டுகள் கழித்து! கனடாவின் அலங்காரம் தொடக்கத்திலிருந்தே எல்லா நிலையினருக்கும் பொதுவானது. அமெரிக்காவின் நன்னடத்தைப் பதக்கம் இன்றும் அதிகாரிகளுக்கு இல்லை. இந்தியாவில் 9, 20, 30 ஆண்டுப் பதக்கங்கள் அதிகாரிகளுக்கும் உண்டு. முதல் பதிலில் சொன்ன மற்ற இரண்டும் அவர்களுக்கு இல்லை.

கேள்வி: பணியில் இடைவெளி விழுந்தால் முந்தைய ஆண்டுகள் கணக்கில் சேருமா? போர்க்காலத்தில் ஆற்றிய பணிக்குத் தனிச் சலுகை உண்டா?

பதில்: இடைவெளியைப் பொறுத்தவரை இரண்டு முறைகள் உள்ளன. கனடாவின் 12 ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டுச் செய்த பணியையும் கூட்டிக்கொள்ளலாம். அமெரிக்கத் தரைப்படையில் மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பொதுவாக, அனுமதியின்றிப் பணியிலிருந்து விலகியிருந்த நாட்களும் சிறையில் கழிந்த நாட்களும் எங்கும் தகுதிப் பணியாகக் கருதப்படுவதில்லை.

போர்க்காலச் சலுகைக்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் நன்னடத்தைப் பதக்கம் 1941 ஜூன் மாதம் அதிபர் ஆணையால் ஏற்படுத்தப்பட்டபோது மூன்று ஆண்டுப் பணி கோரியது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்நாடு போரில் இறங்கிய பின், போர்க்காலத்தில் ஓராண்டு போதும் என்று 1943இல் திருத்தினார்கள். பணியின்போது ஏற்பட்ட உடற்குறைவால் விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டுகூட நிறையாத நிலையிலும் முதல் பதக்கத்தை அந்நாட்டு விதி அனுமதிக்கிறது. காலம் நிறையாமல் போனதற்கு வீரர் காரணமல்லாதபோது அவரை வெறுங்கையுடன் அனுப்பாமல் இருப்பது எல்லாப் படைகளும் பின்பற்றத்தக்கது.

பகுதிநேரத் தொண்டர் படையினருக்குச் சில நாடுகளில் தனிப் பதக்கங்களும் தனிக் கணக்குகளும் உள்ளன. அங்கெல்லாம் முழுநேரப் பணியையும் பகுதிநேரப் பணியையும் கலந்து எண்ணக் கூடாது.

கேள்வி: தகுதி இருந்தும் தனிப்பட்ட மனத்தாங்கலால் அதிகாரி பரிந்துரைக்க மறுத்தால் வீரர் என்ன செய்ய முடியும்?

பதில்: மறுப்புக்குக் காரணம் என்னவென்று மரியாதையுடன், எழுத்தில் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கத் தரைப்படையில் ஒரு வீரருக்கு நன்னடத்தைப் பதக்கத்தை மறுக்க விரும்பும் அதிகாரி அதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவருடைய விளக்கத்தைப் பெற்று, தம் முடிவை எழுத்தில் பதிய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை விட்டுவிட முடியாதபடி அந்த விதி அமைந்திருக்கிறது. மறுப்பவர் தம் காரணத்தை எழுத வேண்டியிருப்பதே மனத்தாங்கலுக்குப் பெரும் தடையாகும் என்பதால், இந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தியத் தரைப்படையில், தம் மேலதிகாரியால் அநீதிக்கு ஆளானதாகக் கருதும் வீரர் முறையிட 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வழி செய்கிறது. அதிகாரிகளுக்கு 27ஆம் பிரிவு உண்டு. முறையீட்டில் மனக்குறையை விவரிப்பதைவிட, பணியில் சேர்ந்த நாள், தகுதிக்காலம் நிறைந்த நாள், நடத்தைப் பதிவேட்டின் நிலை, பெற்ற பாராட்டுகள் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுவதே வலுச் சேர்க்கும்.

கேள்வி: என் பாட்டனார் சுதந்திரத்துக்கு முன் இந்தியப் படையில் இருந்தவர். அவருடைய பெட்டியில் நீண்டகாலப் பணி, நன்னடத்தை என்று பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆவணம் ஏதும் இல்லை. அது அவருடையதுதானா என்று எப்படி அறிவது? அதனால் குடும்பத்துக்கு ஏதேனும் உதவித்தொகை உண்டா?

பதில்: இந்தியப் படையின் இந்திய வீரர்களுக்கென்று இத்தகைய பதக்கம் 1888இல் ஏற்படுத்தப்பட்டது, பாட்டனாருடையது அந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். பதக்கத்தின் முகப்பை விட்டுவிட்டு அதன் விளிம்பைப் பாருங்கள். பெறுபவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை விளிம்பில் பொறித்து வழங்குவதே வழக்கம். நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றிப் படியுங்கள். மெருகேற்றும் பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம். பலமுறை தேய்த்ததால் எழுத்து மழுங்கி, யாருடையது என்றே அறிய முடியாமல் போன பதக்கங்கள் ஏராளம். ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தபடி பெயர்களை எழுதியதால், எழுத்துக்கூட்டல் இன்றைய வழக்கிலிருந்து மாறுபட்டிருக்கலாம். பெயரைவிட எண்ணும் படைப்பிரிவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, தொடக்க காலத்தில் பிரிட்டனில் இப்பதக்கத்துடன் வீரருக்கு ஒரு பணிக்கொடை வழங்கப்பட்டதுண்டு. அது பெற்றவருக்கு மட்டும் உரியது, வாரிசுகளுக்குத் தொடராது. குடும்ப ஓய்வூதியம் பதக்கத்தைச் சார்ந்து வருவதில்லை, பணிக்காலத்தையும் பணிவிடுவிப்பின் தன்மையையும் சார்ந்தே வருகிறது. விளிம்பில் உள்ள எண்ணும் படைப்பிரிவும் தெரிந்துவிட்டால், அப்படைப்பிரிவு இன்றும் இந்தியப் படையில் தொடர்கிறதா என்று பார்த்து, அதன் ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு எழுதலாம். பழைய நிர்வாகத்தின் இராணுவ ஆவணங்களுள் ஒரு பகுதி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது. எழுதும்போது பதக்கத்தை அனுப்பாதீர்கள். விளிம்பின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் நிழற்படம் போதும்.