ஸ்பார்க் பிளக்: மாற்றும் முன் கழற்றிப் பாருங்கள்

காலையில் கார் குலுங்குகிறது, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. நான்கு பிளக்கையும் மாற்றச் சொல்கிறார் பட்டறைக்காரர். சரியா? (பொங்கோல், சிங்கப்பூர்)

விளக்கு மின்னும்போது ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். அதன் விலைக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கலாம்.

பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்தான் காரணமா? பட்டறை ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண் வந்தால் கோளாறு இரண்டாவது சிலிண்டரில். அதன் காயிலையும் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண் பி0303 என்று மாறினால் அந்தக் காயில்தான் போச்சு. மாறாவிட்டால் பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) என்று தேட வேண்டியதுதான். பல கார்களில் இது சின்ன வேலை. இதைக்கூடச் செய்யாமல் பில் போடுபவரிடம் நான் போகமாட்டேன்.

இரிடியம் முனை பிளக் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் வண்டி நன்றாக ஓடும். பெயர் இரிடியத்துக்குப் போய்விடுகிறது. அதன் பலம் ஆயுள்தான். 2,400 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும் என்பதால், முனை மெல்லியதாக இருந்தும் சீக்கிரம் தேயாது. சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டர் ஓடும். இரிடியம் பல கார்களில் 100,000 வரை. கையேட்டில் நிக்கல் என்றிருந்து, சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய ஒரு வருடமே பாக்கி என்றால் நிக்கலே போதும்.

கழற்றிய பிளக் கறுப்பாக இருக்கிறது. எஞ்சின் போச்சா? (ஈசூன்)

விரலால் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பயப்பட வேண்டாம். நுனி சுமார் 450, 500 டிகிரி சூடேறினால்தான் கரி தானாக எரியும். பள்ளிக்கூடம், ஈரச்சந்தை, வீடு என்றே சுற்றும் கார் அந்தச் சூட்டில் நிலைப்பதில்லை. அவ்வப்போது தீவு விரைவுச்சாலையில் நீளமாக ஓட்டுங்கள். அப்படியும் கரி படிந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்தான் கவலை: வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். நல்ல பிளக் வெளிறிய பழுப்பு நிறத்தில் இருக்கும்.

நானே மாற்றலாமா?

மாற்றலாம், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. முதல் சில சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள், கடைசியில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்). அவசரத்தில் ஒருமுறை ஸ்பானரை முதலிலேயே போட்டு அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரையை நான் அழித்திருக்கிறேன்.

டீசல் வேனுக்குப் பிளக் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எந்த ஸ்பார்க் பிளக் நல்லது?

டீசலுக்கு அது கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். உங்கள் மெக்கானிக் சொன்னது, ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்ற உதவும் குளோ பிளக்காக இருக்கும்.