ஒரு கண்ணில் மட்டும் பவர்: கண்ணாடி கட்டாயமா?

ஆமாம், எட்டு வயது மகள் கண்ணாடியை நாள் முழுக்கப் போட வேண்டும். வலக்கண் பவர் இல்லாமல் பளிச்சென்று தெரிகிறது, இடக்கண்ணுக்குத்தான் +4, அப்புறம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அந்த நல்ல கண்தான்.

இரண்டு கண்ணும் பார்வையை (ஃபோகஸ்) ஒரே அளவுதான் குவிக்கும். வலக்கண்ணுக்குத் தேவையான அளவோடு அது நின்றுவிடுவதால், இடக்கண்ணுக்குப் பலகையும் மங்கல், புத்தகமும் மங்கல். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கப் பழகிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். மைனஸ் பவர் (தூரத்தில் உள்ளது மங்கும்) கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளதாவது தெரியும். பிளஸ் கண்ணுக்கு அதுவும் இல்லை. பிள்ளை புகார் சொல்லாது, அதற்குத்தான் ஒரு கண் நன்றாகத் தெரிகிறதே!

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடியோடு வலக்கண்ணை உள்ளங்கையால் மூடி (விரல் இடுக்கில் எட்டிப்பார்ப்பார்கள், கவனம்), சுவர் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இடக்கண் தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண் குவிப்பதைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுத்தான் பவர் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் பிளஸ் பவர் குறைவாகக் காட்டியிருக்கலாம்.

சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்கலாம் என்று, நல்ல கண்ணை மூட நீங்களாகவே பட்டை ஒட்டிவிடாதீர்கள். முதலில் சில மாதம் கண்ணாடி மட்டும். சிலருக்கு அதுவே போதும்.